போர்ச் செய்தியை நாமே சரிபார்க்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கோ ஒரு குண்டு விழுகிறது. கொஞ்ச நேரத்தில் நம் கைப்பேசிக்கு வீடியோ வந்துவிடுகிறது. கூடவே இரண்டு அரசுகளின் இரண்டு விளக்கங்களும் வருகின்றன. செயற்கைக்கோள் படம், கப்பல் தடம், விமானத் தடம், சமூக ஊடகப் பதிவு என்று எல்லோருக்கும் கிடைக்கும் தரவைக் கொண்டு இவற்றை எப்படி எடைபோடுவது என்று பலரும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

'ஓசின்ட்' என்கிறார்களே, அது உளவு வேலையா?

உளவாளி மறைத்து வைத்திருப்பதைத் தேடிப் போகிறார். ஓசின்ட் செய்பவர் எல்லோர் கண்ணெதிரிலும் கிடப்பதைப் பொறுமையாகப் பார்க்கிறார். தமிழில் திறந்தமூலப் புலனாய்வு என்று எழுதுகிறார்கள். ஹேக் செய்வது, கடவுச்சொல் திருடுவது எல்லாம் இதில் சேராது.

இதன் அடிப்படை ஒரே கேள்விதான்: ஒருவர் சொல்வது உண்மையானால், அது எங்கெல்லாம் தடம் விட்டிருக்க வேண்டும்? ஒரு டாங்கிப் படை நகர்ந்தால் சாலையில் நெரிசல் ஏற்படும், வழியில் யாராவது படம் எடுப்பார்கள், வயலில் சக்கரத் தடம் விழும். அந்தத் தடத்தைத் தேடு. இருந்தால் ஒரு முடிவு, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் இன்னொரு முடிவு.

2022 பிப்ரவரி 24 அதிகாலையில் இதுதான் நடந்தது. ரஷ்யாவின் பெல்கரோட் நகரிலிருந்து உக்ரைன் எல்லைக்குப் போகும் சாலையில், ஊரே தூங்கும் மூன்றேகால் மணிக்கு, கூகுள் மேப்ஸ் போக்குவரத்து நெரிசல் காட்டியது. அமெரிக்காவின் மிடில்பரி கல்வி நிறுவனத்தில் இருக்கும் ஜெஃப்ரி லூயிஸும் அவரது குழுவினரும் அதைக் கவனித்தார்கள். படை கிளம்பிவிட்டது என்று புடின் தொலைக்காட்சியில் அறிவிக்கும் முன்பே அவர்கள் சொல்லிவிட்டார்கள். நெரிசலைக் காட்டியது படையினரின் கைப்பேசிகளாக இருக்க வேண்டியதில்லை. டாங்கிகள் போக வழிவிட்டு நின்ற பொதுமக்களின் கைப்பேசிகளே அதற்குப் போதும்.

வெறும் இணையப் படங்களை வைத்து ஓர் அரசின் பொய்யை உடைக்க முடியுமா? ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

எம்எச்17. இந்தத் துறையில் இறங்கும் எவரும் முதலில் படிக்க வேண்டிய வழக்கு இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2014 ஜூலை 17. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் போய்க்கொண்டிருந்த மலேசிய ஏர்லைன்ஸ் போயிங் 777 விமானம் கிழக்கு உக்ரைன் வானில் சுடப்பட்டது. 298 பேர் இறந்தார்கள். விமானம் விழுந்தது ரஷ்ய ஆதரவுக் கிளர்ச்சியாளர்களின் கட்டுப்பாட்டுப் பகுதியில்.

நான்கு நாள் கழித்து, ஜூலை 21 அன்று, ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் செய்தியாளர்களைக் கூட்டியது. எம்எச்17-க்குப் பக்கத்தில் உக்ரைனின் சு-25 போர் விமானம் பறந்ததாகச் சொன்னது. தரையிலிருந்து விமானத்தைச் சுடும் உக்ரைனின் பூக் ஏவுகணைகள் இடம் மாறியதைக் காட்டுவதாகச் செயற்கைக்கோள் படங்களை வெளியிட்டது. கூடவே இன்னொன்றும் சொன்னது. ஒரு பூக் ஏவுகணை வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் வீடியோ அப்போது பரவியிருந்தது. வண்டியில் ஓர் ஏவுகணையைக் காணவில்லை. அந்த வீடியோ கிளர்ச்சியாளர் வசமிருந்த லுஹான்ஸ்கில் எடுத்ததல்ல, உக்ரைன் வசமிருந்த கிராஸ்னோஆர்மியிஸ்கில் எடுத்தது என்றார்கள். ஆதாரம் கேட்டால், சாலையோர விளம்பரப் பலகையில் அந்த ஊர் முகவரி இருக்கிறது என்றார்கள். வீடியோவில் பலகை மங்கலாகத்தான் தெரிந்தது. பெரிதாக்கி, எழுத்துகளை நிரப்பிக் காட்டினார்கள்.

எலியட் ஹிக்கின்ஸ் என்ற பிரிட்டன்காரர் பெல்லிங்கேட் என்ற தளத்தைத் தொடங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. அங்கே கூடியவர்கள் அந்தப் பலகையையே பிடித்துக்கொண்டார்கள். வீடியோவில் தெரியும் கம்பங்கள், மேலே போகும் கம்பிகள், சாலை பிரியும் விதம் ஆகியவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டார்கள். இடம் லுஹான்ஸ்க் என்று தெரிந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் நேரில் போய்ப் பலகையைப் படமெடுத்து அனுப்பினார். அமைச்சகம் படித்துக் காட்டிய முகவரி அதில் இல்லவே இல்லை.

ஏவுகணை வண்டி எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. ஜூன் 23 முதல் 25 வரை ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதியிலிருந்து எல்லை நோக்கி ஒரு ராணுவ வாகன வரிசை போயிருந்தது. வழியில் போன பொதுமக்கள் வேடிக்கைக்காக எடுத்துப் போட்ட வீடியோக்கள், காரின் முன்கண்ணாடியில் பொருத்திய கேமராப் பதிவுகள் எல்லாம் இணையத்தில் கிடந்தன. ஒரு பூக் வண்டியின் பக்கவாட்டு ரப்பர்த் தட்டி தனக்கே உரிய விதத்தில் வளைந்து கிழிந்திருந்தது. மனிதக் கைரேகை மாதிரி. ஜூலையில் டோனெட்ஸ்க் பக்கம் எடுத்த படங்களிலும் அதே வளைவு, அதே கிழிசல், அதே இடத்தில் வெள்ளைக் குறி. ஆக, வண்டி குர்ஸ்கில் இருக்கும் ரஷ்யாவின் 53-ஆவது வான்பாதுகாப்பு ஏவுகணைப் படைப்பிரிவுடையது என்றார்கள். 2018 மே மாதம் நெதர்லாந்து தலைமையிலான ஐந்து நாட்டுக் கூட்டுப் புலனாய்வுக் குழுவும் அதே முடிவை அறிவித்தது. 2022 நவம்பர் 17 அன்று நெதர்லாந்தின் ஹேக் நகர நீதிமன்றம் மூவருக்கு, அவர்கள் வராமலேயே, ஆயுள் தண்டனை விதித்தது, நான்காமவரை விடுவித்தது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் விமானத்தை வீழ்த்தியதற்கு ரஷ்யாவே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

இந்த வழக்கில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது ரஷ்யத் தரப்பின் கதைகள் மாறிக்கொண்டே போனதுதான். முதலில் சு-25. 2014 நவம்பரில் ரஷ்ய அரசுத் தொலைக்காட்சி, போர் விமானம் ஒன்று போயிங்கைச் சுடும் 'செயற்கைக்கோள் படத்தை'க் காட்டியது. நிலத்தோடு ஒப்பிட்டால் விமானங்கள் பல மடங்கு பெரிதாக இருந்தன. 2015 ஜூனில் பூக் தயாரிக்கும் ரஷ்ய நிறுவனமே வந்து, சுட்டது பூக்தான், ஆனால் உக்ரைன் இருந்த பக்கத்திலிருந்து என்றது. ஒரு கதை உண்மையானால் இன்னொன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும். அதைப் பற்றிச் சொன்னவர்களுக்குக் கவலையே இல்லை. கேட்பவர் எதையாவது நம்ப வேண்டும் என்பது நோக்கமாகத் தெரியவில்லை. 'யாருக்குத் தெரியும், எல்லாரும் பொய்தான் சொல்கிறார்கள்' என்று கைவிட்டுவிட்டால் போதும். தகவல் போரின் மையம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

இந்தத் தரவெல்லாம் நமக்குக் கிடைக்குமா? காசு கட்ட வேண்டுமா?

பெரும்பகுதி இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கின்றன. ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர், அதாவது ஒரு பேருந்தின் நீளம். ஆகவே வண்டிகளை எண்ண முடியாது. புது ஓடுபாதை, தோண்டிய பதுங்குகுழி வரிசை, எரிந்த எண்ணெய்க் கிடங்கு போன்றவை தெரியும். சென்டினல்-1 ரேடார் வகை என்பதால் மேகத்தையும் இருட்டையும் தாண்டிப் பார்க்கும். 30 சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமான படங்களைத் தனியார் நிறுவனங்கள் விற்கின்றன. பத்திரிகைகளில் பார்ப்பது பெரும்பாலும் அவைதான்.

நாசாவின் ஃபிர்ம்ஸ் தளம் பூமியில் எங்கே வெப்பம் அதிகம் என்று புள்ளி வைத்துக் காட்டும். உக்ரைன் போர்முனையை அதில் பலர் தினமும் பார்த்தார்கள். ஆனால் பஞ்சாபில் அறுவடைக்குப் பின் நெல் தாளை எரித்தாலும் அதே சிவப்புப் புள்ளிதான் விழும். புள்ளி வெப்பத்தைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

கப்பல்களுக்கு ஏஐஎஸ். சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தங்கள் பெயர், இடம், வேகம், திசை ஆகியவற்றை ரேடியோவில் ஒலிபரப்பிக்கொண்டே போக வேண்டும் என்பது விதி. 2022 ஆகஸ்ட்டில் சீனாவின் யுவான் வாங் 5 என்ற ஆய்வுக் கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டையை நோக்கி வந்தபோது, அரசுகள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நாட்களில், கப்பல் எங்கே நிற்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் வரைபடத்தில் பார்க்க முடிந்தது. வருகையைத் தள்ளிப்போடுமாறு இலங்கை கேட்டது. கப்பல் ஆகஸ்ட் 16 அன்று துறைமுகத்துக்கு வந்தது. விமானங்களுக்கு இதே மாதிரி இடத்தை ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி இருக்கிறது. அதே மாதம், அப்போது அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் சபாநாயகராக இருந்த நான்சி பெலோசி தைவான் போன விமானம் தரையிறங்கும் நேரத்தில் ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இயந்திரத் தரவு பொய் சொல்லாதே?

சொல்லும். சொல்ல வைக்க முடியும்.

2021 ஜூன் நடுவில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் எச்எம்எஸ் டிஃபெண்டரும் நெதர்லாந்துப் போர்க்கப்பல் எவர்ட்சனும் உக்ரைனின் ஒடேசா துறைமுகத்தில் நின்றன. இரவில் ஏஐஎஸ் வரைபடத்தைப் பார்த்தால், இரண்டும் கிளம்பிக் கிரிமியாவில் இருக்கும் ரஷ்யக் கடற்படைத் தளமான செவஸ்தபோலின் வாசலுக்கே போய்விட்டு வந்ததாகத் தடம் இருந்தது. உண்மையானால் பெரிய அத்துமீறல். ஆனால் ஒடேசா துறைமுகத்தை நாள் முழுக்க நேரலையில் காட்டும் வெப்கேமராக்கள் இருக்கின்றன. கப்பல்கள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. யாரோ போலித் தடத்தை உருவாக்கி ஏற்றியிருக்கிறார்கள். சில நாளில் டிஃபெண்டர் உண்மையிலேயே கிரிமியா அருகே போனபோது ரஷ்யா எச்சரிக்கைச் சூடு நடத்தியதாகச் சொன்னது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு போலித் தடம் எவ்வளவு பெரிய விபரீதத்துக்கு வழிவகுக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதனால்தான் ஒரே மூலத்தை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்கிறோம். அதுவும் இரண்டாவது மூலம் முதலாவதிலிருந்து பிறந்ததாக இருக்கக் கூடாது. ஏஐஎஸ் தரவை ஐந்து இணையதளங்கள் காட்டினாலும் அது ஒரே சாட்சிதான். வெப்கேமரா வேறு சாட்சி.

உலகச் செய்திகளையெல்லாம் கணினியில் கொட்டிக் கணக்கெடுக்கும் தரவுத்தொகுப்புகளை நம்பலாமா?

எதை எண்ணுகிறார்கள் என்று பார்த்துவிட்டு நம்புங்கள். ஜிடெல்ட் என்ற தொகுப்பு நூற்றுக்கு மேற்பட்ட மொழிச் செய்திகளைக் கணினியாலேயே படித்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. வேகம் பிரமாதம். ஆனால் அது எண்ணுவது செய்திகளை. 2014-இல் நைஜீரியாவில் பள்ளி மாணவிகள் கடத்தப்பட்டபோது, ஃபைவ்தர்ட்டிஎயிட் என்ற அமெரிக்கத் தரவு இதழ் இந்தத் தரவை வைத்து நைஜீரியாவில் கடத்தல்கள் எப்படிப் பெருகின என்று வரைபடம் போட்டது. ஒரே கடத்தலைப் பல செய்திகள் சொன்னால் எண்ணிக்கை ஏறிவிடும் என்று துறை அறிந்தவர்கள் சுட்டிக்காட்ட, இதழ் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

மோதல்களைப் பதிவு செய்யும் ஆக்லெட், ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தொகுப்பு இரண்டிலும் மனிதர்கள் நிகழ்வுகளைப் படித்துப் பதிவு செய்கிறார்கள். வேகம் குறைவு, நம்பகம் கூடுதல். உப்சாலா கணக்கில் ஓர் ஆண்டில் சண்டையில் குறைந்தது 25 பேர் இறந்தால்தான் அது ஆயுத மோதல் என்ற பட்டியலுக்குள் வரும். செய்தியாளர் நுழைய முடியாத இடத்தில் நடந்த சாவு எந்தத் தொகுப்பிலும் எளிதில் ஏறாது. வரைபடத்தில் வெறுமையாக இருக்கும் இடத்தை அமைதியான இடம் என்று படித்துவிடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்திருக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் அனுப்பியவரை மறந்துவிடுங்கள். உங்கள் சித்தப்பா நல்லவர்தான். அவருக்கும் யாரோ அனுப்பியதுதான். வாட்ஸ்அப் வழியாக வரும்போது எடுத்த தேதி, இடம் போன்ற உள்தகவல்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஆகவே காட்சியை மட்டும் வைத்துத்தான் வேலை.

வீடியோவை நிறுத்தி, தெளிவான இரண்டு மூன்று சட்டகங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸிலும் யாண்டெக்ஸிலும் போட்டுத் தேடுங்கள். பாதிப் பொய்கள் இங்கேயே விழுந்துவிடும், ஏனென்றால் பெரும்பாலானவை பழைய வீடியோக்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடக்கே பரவிய வீடியோக்களை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக் காவல்துறை அப்போது விளக்கிய இரண்டில் ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களே இரு குழுவாக மோதிக்கொண்டது; இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. சம்பவம் நிஜம், தலைப்பு பொய். அதற்குள் பயந்துபோன தொழிலாளர்கள் ரயில் ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

தேடலில் எதுவும் சிக்காவிட்டால், அப்புறம் காட்சியைப் படிக்க வேண்டும். பெயர்ப்பலகையில் என்ன எழுத்து? வண்டிகள் சாலையின் எந்தப் பக்கம் போகின்றன? வண்டி எண் பலகையின் நிறம் என்ன? பின்னணியில் யாரோ கத்துகிறார்களே, எந்த மொழி? தூரத்தில் கோபுரமோ மசூதியோ மலையோ தெரிகிறதா? சொல்லப்படும் ஊரின் செயற்கைக்கோள் படத்தை விரித்து வைத்து, இந்த வளைவும் அந்தக் கட்டடமும் ஒன்றுக்கொன்று அதே நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நிழல் நல்ல சாட்சி. திசை தெரிந்தால் நேரத்தையும், நேரம் தெரிந்தால் திசையையும் கண்டுபிடிக்கலாம். சன்கால்க் என்ற தளத்தில் ஊரையும் தேதியையும் கொடுத்தால் சூரியன் நின்ற கோணத்தைக் காட்டும். உக்ரைனில் உச்சிவேளை நிழல் ஆண்டு முழுக்க வடக்கே விழும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை தெற்கே விழும், சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால். மே மாத மதியம் சென்னையில் எடுத்தது என்று வரும் வீடியோவில் நிழல் வடக்கே நீண்டு கிடந்தால் தேதியோ நேரமோ தவறு.

டீப்ஃபேக் வந்துவிட்டதே, இனி எதைச் சரிபார்ப்பது?

2022 மார்ச் 16 அன்று ஓர் உக்ரைன் தொலைக்காட்சியின் இணையதளத்தை ஹேக் செய்து, அதிபர் ஸெலென்ஸ்கி ஆயுதத்தைக் கீழே போடச் சொல்வது போன்ற போலி வீடியோவை ஏற்றினார்கள். தலை ஒரு மாதிரி, உடல் ஒரு மாதிரி. ஸெலென்ஸ்கி உடனே மறுப்பு வீடியோ போட, கதை முடிந்தது. இன்றைய போலிகள் அதைவிடப் பல மடங்கு நேர்த்தியானவை. ஆகவே கண்ணிமைப்பையும் விரல்களையும் எண்ணிக்கொண்டிருப்பதில் பயன் குறைந்துவருகிறது. இவர் இதை எங்கே, எப்போது, யார் முன்னால் சொன்னார், அந்த நிகழ்ச்சியின் வேறு கோணப் பதிவு இருக்கிறதா என்று தேடுவதே உருப்படியான வழி.

இப்போதும் அதிகம் ஏமாற்றுவது செலவில்லாத போலிகள்தான். ஆர்மா 3 என்ற வீடியோ கேமின் காட்சிகள் போர்க் காட்சியாகப் பல போர்களில் சுற்றியதால், அதைத் தயாரித்த நிறுவனமே 2022 நவம்பரில் அடையாளம் காண்பது எப்படி என்று அறிக்கை வெளியிட்டது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமே கேட்டுவிட்டால்?

வேண்டாம். 2025 மே இந்திய–பாகிஸ்தான் மோதலின்போது எக்ஸ் தளத்தில் பலர் அந்தத் தளத்தின் செயற்கை நுண்ணறிவுச் செயலியான குரோக்கிடம் 'இது உண்மையா' என்று கேட்டார்கள். சூடானின் கார்ட்டூம் விமான நிலையத்தின் பழைய வீடியோவை, பாகிஸ்தானின் நூர் கான் விமானத்தளத்தின் மீதான ஏவுகணைத் தாக்குதல் என்று அது அடித்துச் சொன்னது. மொழிபெயர்க்க, நீண்ட ஆவணத்தில் தேட, ஆயிரம் பதிவுகளை வகைபிரிக்க அது உதவும். சாட்சி சொல்ல அழைக்காதீர்கள்.

தகவல் போர் என்றால் பொய்ச் செய்தி பரப்புவது மட்டும்தானா?

பொய்க்கு நம்பகமான முகவரி தேடிக் கொடுப்பதுதான் அதன் பெரிய செலவு. 2022-இல் அம்பலமான 'டாப்பல்கேங்கர்' நடவடிக்கையில் ஜெர்மனியின் டேர் ஸ்பீகல், பிரிட்டனின் கார்டியன் போன்ற இதழ்களின் இணையதளங்களை அச்சு அசலாக நகலெடுத்திருந்தார்கள். எழுத்துரு, சின்னம், பக்க அமைப்பு எல்லாம் அதே. இணைய முகவரியின் வால் மட்டும் வேறு. உள்ளே ரஷ்யாவுக்குச் சாதகமான கட்டுரை. பதிவு செய்த தேதிகள், ஒரே சர்வர் போன்ற தொழில்நுட்பத் தடங்களை வைத்துத்தான் இதைப் பின்னிய கையைத் தேடினார்கள்.

அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒன்றான ஐரோப்பிய டிஸ்இன்ஃபோலேப் 2020 டிசம்பரில் வெளியிட்ட இன்னொரு ஆய்வையும் சொல்லியாக வேண்டும். பதினைந்து ஆண்டுகளாக இயங்கிய, 119 நாடுகளின் பெயரில் 750-க்கும் மேற்பட்ட போலி ஊடகங்களைக் கொண்ட வலையமைப்பு அது. செயலிழந்த அமைப்புகளின் பெயர்களையும், ஏன், இறந்துபோன ஒரு பேராசிரியரின் பெயரையும்கூடப் பயன்படுத்தியிருந்தது. அந்த வலை வேலை செய்தது இந்தியாவின் நலனுக்காக, பாகிஸ்தானுக்கு எதிராக. இந்திய வெளியுறவு அமைச்சகம் குற்றச்சாட்டை மறுத்தது.

நம் நாட்டுக்குச் சாதகமான பொய்யை ஏன் உடைக்க வேண்டும்? அது துரோகம் ஆகாதா?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் முக்கியம். 2025 மே 8 இரவு, கராச்சித் துறைமுகத்தை இந்தியக் கடற்படை தாக்கிவிட்டது என்று பல இந்தியத் தொலைக்காட்சிகள் கொண்டாடின. அப்படி எதுவும் நடக்கவில்லை. கராச்சி என்று சுற்றிய தீப்பிழம்பு வீடியோக்களில் ஒன்று, அந்த ஆண்டு ஜனவரி கடைசியில் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் சிறு விமானம் விழுந்து எரிந்தது. கராச்சியில் நம் ஊரைப் போல வண்டிகள் இடப்பக்கம் போகும், ஃபிலடெல்பியாவில் வலப்பக்கம். ஒரு நிமிடம் நிதானமாகப் பார்த்திருந்தால் போதும்.

அன்றைக்கு எல்லையோரம் பதுங்கியிருந்த இந்தியக் குடும்பங்களும் அந்தத் தொலைக்காட்சிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. எங்கே போவது, இருப்பதா கிளம்புவதா என்று முடிவெடுக்க அவர்களுக்குச் சரியான செய்தி தேவைப்பட்டது. பொய் யாருக்குச் சாதகம் என்று பார்க்கும் முன், அதை நம்பி முடிவெடுப்பவர் யார் என்று பாருங்கள். எதிரியின் பொய்யைச் சரிபார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் பக்கப் பொய்யைப் பார்க்க நாம் மட்டும்தான் இருக்கிறோம்.

ஈழத்தின் இறுதிப் போரில் இந்த முறைகள் பயன்பட்டனவா?

பயன்பட்டன. தாமதமாக, போதாமல்.

2008 செப்டம்பரில் ஐநா அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியைவிட்டு வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. சுதந்திரமான செய்தியாளர்கள் உள்ளே போக முடியவில்லை. மேலிருந்து பார்ப்பது மட்டுமே மிஞ்சியது. ஐநாவின் யுனோசாட் பிரிவு செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து, 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவித்த பகுதிக்குள்ளேயே குண்டுக் குழிகளும் சேதமான கட்டடங்களும் இருப்பதைக் குறித்தது. அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் 2009 மே 6, மே 10 ஆகிய இரு நாள் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. முதல் படத்தில் நெருக்கமாக இருந்த இடம்பெயர்ந்தோர் கூடாரங்கள் இரண்டாவது படத்தில் பெருமளவு இல்லை. 2011-இல் வந்த ஐநா செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை செயற்கைக்கோள் படங்களையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டது.

இன்னொன்று அந்த வீடியோ. 2009 ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டனின் சேனல் 4, கைகள் கட்டப்பட்டு நிர்வாணமாக இருந்தவர்களைச் சீருடைக்காரர்கள் சுட்டுக் கொல்வதைக் காட்டும் கைப்பேசிப் பதிவை ஒளிபரப்பியது. இலங்கை அரசு தன் நிபுணர்களை வைத்து அது போலி என்றது. ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று தனி நிபுணர்களிடம் பதிவைக் கொடுத்தார்: ஒருவர் தடய நோயியல் மருத்துவர், ஒருவர் துப்பாக்கி வல்லுநர், ஒருவர் வீடியோ தடயவியலாளர். சுடும்போது துப்பாக்கி பின்னுதைத்த விதம், குண்டு பட்ட உடல்களின் அசைவு, காட்சிகளுக்கு இடையே வெட்டு ஒட்டு உண்டா என்று தனித்தனியே பார்த்தார்கள். விளக்க முடியாத சில அம்சங்களை மறைக்காமல் குறிப்பிட்டார்கள். அவற்றையும் எடைபோட்டு, பதிவு உண்மையானது என்பதையே ஆய்வுகள் பலமாகக் காட்டுகின்றன என்று 2010 ஜனவரியில் ஆல்ஸ்டன் அறிவித்தார். இலங்கை அரசு அதையும் ஏற்கவில்லை.

பொருந்தாததையும் சேர்த்துச் சொன்ன அந்த நேர்மையால்தான் அந்த ஆய்வு இன்றும் நிற்கிறது. நம் மக்களின் துயரம் பற்றியது என்பதால் சரிபார்க்காமல் எதையும் பகிரக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதும் இதற்காகத்தான். வேறு நாட்டுப் போரின் பிணப் படத்தை முள்ளிவாய்க்கால் என்று ஒருவர் பகிர்ந்தால், மறுப்பவர்கள் உண்மைப் படத்தையும் அதோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

அப்படியானால் செயற்கைக்கோள் படம் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா?

குழி இருப்பதைச் சொல்லும், சுட்டவரைச் சொல்லாது. அதன் உண்மையான பலம் காலத்தைக் கட்டிப்போடுவதில்தான். உக்ரைனின் புச்சாவில் யப்லுன்ஸ்கா தெருவில் கிடந்த பொதுமக்களின் உடல்கள், தங்கள் படை 2022 மார்ச் 30 அன்று வெளியேறிய பிறகு கொண்டுவந்து போடப்பட்டவை என்றது ரஷ்யா. மக்ஸார் நிறுவனத்தின் படங்களை நியூயார்க் டைம்ஸ் ஆராய்ந்தபோது, மார்ச் நடுவிலேயே அதே இடங்களில் உடல்கள் கிடந்தது தெரிந்தது. அப்போது அந்தத் தெரு ரஷ்யப் படையின் கையில் இருந்தது. யார் சுட்டது என்பதை உள்ளூர்க் கேமராப் பதிவுகளும் உயிர்தப்பியவர்களின் வாக்குமூலங்களும் பிறகு சொல்லின.

இதனால் யாருக்காவது ஆபத்து வருமா?

வரும். 2008 மும்பைத் தாக்குதலின்போது கமாண்டோக்கள் இறங்குவதைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. தாக்கியவர்களை இயக்கியவர்கள் எல்லைக்கு அப்பால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் பின்னர் அதைக் கடுமையாகக் கண்டித்தது. சண்டை நடக்கும்போது படை நகர்வு, வான்பாதுகாப்பு இருக்குமிடம், குண்டு விழுந்த சரியான இடம் ஆகியவற்றை உடனே வெளியிடாதீர்கள். வீடியோ எடுத்தவரின் வீட்டு ஜன்னல் தெரிந்தால் அவருக்கும் ஆபத்து.

எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் ஊரிலிருந்து. பழைய குடும்பப் படம் ஒன்றை எடுத்து, அது எந்தத் தெருவில் எந்தத் திசை பார்த்து எடுக்கப்பட்டது என்று வரைபடத்தில் கண்டுபிடியுங்கள். விடை தெரிந்த இடத்தில் பழகினால்தான் தெரியாத இடத்தில் கண் வேலை செய்யும். ஆவணப்படுத்துவதில் ஆர்வம் இருந்தால், ஐநா மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் 2020-இல் கொண்டுவந்த பெர்க்லி நெறிமுறையைப் படியுங்கள். நீதிமன்றத்தில் நிற்கும்படி டிஜிட்டல் ஆதாரத்தை எப்படிச் சேகரிப்பது என்பதற்கான வழிகாட்டி அது.

பார்த்ததை உடனே சேமிக்கச் சொல்கிறார்களே, எதற்கு?

எம்எச்17 விழுந்த அன்று மாலை, கிளர்ச்சித் தளபதி கிர்கினின் பெயரோடு தொடர்புடைய ரஷ்ய சமூக வலைப்பக்கம் ஒன்று, டோரெஸ் அருகே உக்ரைனின் ஓர் ஏஎன்-26 விமானத்தைச் சுட்டு வீழ்த்திவிட்டோம் என்று பெருமையாகப் பதிவிட்டது. விழுந்தது பயணிகள் விமானம் என்று தெரிந்ததும் பதிவு காணாமல் போனது. அதற்குள் இணைய ஆவணக் காப்பகமான வேபேக் மெஷினில் அந்தப் பக்கம் சேமிக்கப்பட்டுவிட்டது. ஹேக் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்த மூவரில் கிர்கினும் ஒருவர்.

ஆகவே முக்கியமான பதிவைக் கண்டால் முதலில் அதன் முகவரியை வேபேக் மெஷினில் கொடுத்துச் சேமியுங்கள். அப்புறம் முழுப் பக்கத்தையும் தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வீடியோவானால் அசல் கோப்பையே இறக்கி, வெட்டாமல், பெயர் மாற்றாமல் ஒரு பிரதியைத் தனியே வையுங்கள். ஆராய்வதெல்லாம் இன்னொரு பிரதியில்.